பரீட்சைத் தேதியை மாத்தலாமான்னு என் மகள் கேட்டப்போ



வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வர்றவங்களுக்கு என்னைத் தெரிஞ்சிருக்கும். மடப்பள்ளிப் பக்கம் காய் வெட்டிக்கிட்டு இருப்பேன், இல்லேன்னா அன்னதான வரிசையில சாம்பார் வாளியோட நிப்பேன். வழக்கமா நான் இங்க போடுறது "தொண்டூழியர்கள் தேவை", "வாழை இலை நறுக்க ஆள் வேணும்" மாதிரி அறிவிப்புதான். இன்னைக்குக் கொஞ்சம் நீளமா எழுதுறேன். பொறுமையா படிங்க.

போன ரெண்டு வாரத்துல மூணு பெற்றோர் என்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டாங்க. பிள்ளை மருத்துவம் படிக்க ஆசைப்படுது, யூகேட் பரீட்சைக்குப் பேர் கொடுத்தாச்சு, ஆனா இன்னும் தயாராகலைன்னு சொல்லுது, தேதியைத் தள்ளிப் போடலாமா வேணாமா? என் மகள் 2025ல அந்தப் பரீட்சையை எழுதினா. அதனால என்கிட்ட கேக்குறாங்க. நான் படிச்சது ஓ லெவல் வரைக்கும்தான். தொழிற்சாலையில சூப்பர்வைசர். படிப்பு விஷயத்துல ஆலோசனை சொல்ற தகுதி எனக்குக் கிடையாது. எங்க வீட்டுல நடந்ததை மட்டும் சொல்றேன், அதுல நான் செஞ்ச தப்பையும் சேர்த்து.

தெரியாதவங்களுக்காக முதல்ல ஒரு விளக்கம். இங்க சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துலயும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துலயும் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க ஏ லெவல் மட்டும் பத்தாது. 2025ல சேர்ந்த மாணவர்கள்லேருந்து ரெண்டு இடத்துக்கும் யூகேட் வேணும். ஜூலையில ஆரம்பிச்சு செப்டம்பர் கடைசி வரைக்கும் நடக்கும். தேதியை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனா வருஷத்துக்கு ஒரு தடவைதான் எழுத முடியும். சரியா செய்யலேன்னா அந்த வருஷம் அதோட முடிஞ்சுது.

இதுல உயிரியல், வேதியியல் எல்லாம் கேக்க மாட்டாங்க. வாசிச்சுப் புரிஞ்சுக்கிறது, யோசிச்சு முடிவெடுக்கிறது, கணக்கு, அப்புறம் ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல ஒரு சங்கடம் வந்தா எப்படி நடந்துக்கணும்கிறது. ஆக நாலு பகுதி, ரெண்டு மணி நேரம் போல. என் மகள் எழுதின வருஷம் வாசிப்புப் பகுதிக்கு 22 நிமிஷத்துல 44 கேள்வி. அதாவது 30 வினாடிக்கு ஒண்ணு. நான் லைன்ல வேலை பாக்கிறவன். 30 வினாடிக்கு ஒரு பீஸ் முடிக்கணும்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் கை பழகலேன்னா முடியாது.

அவ ஜூலை நடுவுல தேதி எடுத்திருந்தா. ஜூன் லீவுல பயிற்சி பண்ணிடலாம்னு திட்டம். ஆனா லீவு முடிஞ்ச உடனே ஜேசியில பரீட்சை வச்சாங்க. லீவு முழுக்க அதுக்கே சரியாப் போச்சு. யூகேட்டுக்கு மொத்தமா ஒன்பது நாள்தான் உக்காந்திருக்கா. இது எதுவும் எனக்குத் தெரியாது. அறைக் கதவு சாத்தியிருந்தா படிக்கிறான்னு நினைச்சுக்குவேன்.

பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கறப்போ, ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி 11:30க்கு வீட்டுக்கு வந்தேன். மகள் தூங்காம சாப்பாட்டு மேசையில உக்காந்திருந்தா. "அப்பா, தேதியை மாத்திக்கட்டுமா? நான் ரெடியா இல்லை"ன்னா.

அப்போ நான் சொன்னதை மறைக்காம எழுதுறேன். "இதுக்கே பயந்தா நீ எப்படி டாக்டராவே? ஆறு வெள்ளிக்கிழமையா அர்ச்சனை பண்ணிக்கிட்டு இருக்கேன். கோயில்ல எல்லார்கிட்டயும் தேதி சொல்லியாச்சு. இப்போ போய் மாத்தினா என்ன நினைப்பாங்க?"

அவ கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் மெதுவா, "பரீட்சைக்குப் பயமில்லைப்பா. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரத்தான் பயமா இருக்கு"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா.

எனக்கு வாயடைச்சுப் போச்சு. கோயில்ல அவளை "டாக்டரம்மா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சதே நான்தான். அப்புறம் நம்ம அக்காமார்களும் பாசமா அப்படியே கூப்பிட்டாங்க. குருக்கள்கிட்ட பேர், நட்சத்திரம் சொல்றப்போ "டாக்டர் சீட்டு கிடைக்கணும் சாமி"ன்னு நாலு பேர் காதுல விழுற மாதிரி சொல்லுவேன். ரெண்டு மாசமா அவ வெள்ளிக்கிழமை வராதது படிப்பாலன்னு நினைச்சேன். சின்ன வயசுலேருந்து என்கூட இலை போட்ட பிள்ளை. அவ ஒதுங்கிப் போறதுக்கு நானே காரணமா இருந்திருக்கேன்.

"அவ சொல்றதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு மனைவி படுக்கப் போயிட்டாங்க. நான் கீழே இறங்கி வாய்ட் டெக்ல உக்காந்தேன். அப்போதான் ரொம்ப வருஷத்துக்கு முந்தி நடந்த ஒண்ணு ஞாபகத்துக்கு வந்துச்சு.

எனக்குக் கல்யாணம் ஆகாத நேரம். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறதா வேண்டிக்கிட்டு, தொழிற்சாலை நண்பர்கள் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஆனா விரதத்துக்கு நடுவுல காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துட்டேன். மருந்து சாப்பிட்டேன், விரதம் விட்டுப் போச்சு, உடம்புல தெம்பில்லை. இருந்தாலும் எடுத்தே தீருவேன்னு நின்னேன். எங்க குழுவுக்குப் பெரியவரா இருந்த காவடி மாஸ்டர் என் கையைப் பிடிச்சுப் பார்த்தாரு. "தம்பி, இந்த வருஷம் பால்குடம் எடு. காவடியை அடுத்த வருஷம் பாத்துக்கலாம். முருகன் டேங்க் ரோட்டை விட்டு எங்கேயும் போயிட மாட்டாரு"ன்னாரு.

எனக்கு அவ்வளவு கோபம். அவமானமாவும் இருந்துச்சு. பெருமாள் கோயில்லேருந்து டேங்க் ரோடு வரைக்கும் பால்குடத்தோட தலையைக் குனிஞ்சுக்கிட்டே நடந்தேன். அடுத்த வருஷம் 48 நாள் முழுசா விரதம் இருந்து காவடி எடுத்தேன். அப்போதான் அந்தப் பெரியவர் என்ன சொன்னாருன்னு புரிஞ்சுது. முதல் வருஷம் நான் எடுக்க நினைச்ச காவடி முருகனுக்காக இல்லை, நண்பர்களுக்காக.

பரீட்சை நிலையம் முருகன் மாதிரி காத்துக்கிட்டு இருக்காது, அது வேற விஷயம். செப்டம்பர் முடிஞ்சா முடிஞ்சதுதான். அதனால "சரி, மாத்திக்கோ"ன்னு உடனே சொல்லவும் எனக்கு மனசு வரலை.

மறுநாள் காலையில மகளைக் கூப்பிட்டு முதல்ல மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் என் வேலையில தெரிஞ்ச ஒண்ணைச் சொன்னேன். சரக்கு தரத்துக்கு வரலேன்னா நாங்க "ஹோல்ட்" சீட்டு ஒட்டித் தனியா வைப்போம். அந்தச் சீட்டுல என்ன குறை, யார் சரி பண்றது, எந்தத் தேதிக்குள்ள, இந்த மூணையும் எழுதணும். எழுதாம ஒட்டினா நானே கிழிச்சுப் போட்டுடுவேன். ஏன்னா அப்படி விட்ட சரக்கு மாசக்கணக்கா மூலையில தூசி படிஞ்சு கிடக்கும். தள்ளி வைக்கிறது தப்பில்லை, காரணம் எழுதாம தள்ளி வைக்கிறதுதான் தப்பு.

நாட்காட்டித் தாள் ஒண்ணைக் கிழிச்சு அவகிட்ட கொடுத்தேன். பின்பக்கத்துல அவளே எழுதினா.

என்ன குறை: வாசிப்புப் பகுதியில நேரத்துக்குள்ள 44ல 27 கேள்விதான் தொட முடியுது. மத்த பகுதி பரவாயில்லை.

யார் சரி பண்றது: அவதான். தினமும் பள்ளிக்குப் போறதுக்கு முந்தி 40 நிமிஷம், கடிகாரம் வச்சு.

எந்தத் தேதிக்குள்ள? இதுக்குத்தான் நேரம் எடுத்துச்சு. முதல்ல செப்டம்பர் கடைசின்னு எழுதினா. பக்கத்துல பள்ளிக்கூட அட்டவணையை வச்சுப் பார்த்தோம். செப்டம்பர்ல ப்ரிலிம்ஸ், அதுக்கப்புறம் ஏ லெவல். யூகேட்டுக்காக அதைக் கெடுத்துக்கிட்டா ரெண்டும் போயிடும். அவளே அதை அடிச்சுட்டு ஆகஸ்ட் முதல் வாரம்னு எழுதினா. மூணு வாரம் கூடுதலா கிடைக்கும். கீழே இன்னொரு வரியும் எழுதினா: "ரெண்டாவது தடவை மாத்தக் கூடாது."

நான் ஒரு கேள்வி கேட்டேன். "இது தயாராகாததா, இல்ல பயமா?"

"ரெண்டும்தான்பா. ஆனா பயம் செப்டம்பர்லயும் இருக்கும்"ன்னா.

இந்தத் தெளிவு அவகிட்ட ஏற்கெனவே இருந்திருக்கு. சொல்றதுக்குத்தான் நான் இடம் கொடுக்கலை.

அவளே இணையத்துல போய்த் தேதியை மாத்தினா. அஞ்சு நிமிஷ வேலை. மூணு வாரமும் விடியக்காலையில அவ அறையில விளக்கு எரியும். முடிச்ச கேள்வி எண்ணிக்கையைத் தினமும் நாட்காட்டியில குறிச்சு வைப்பா. 27, 31, 30, 34. சில நாள் ஏறும், சில நாள் இறங்கும். இறங்கின நாள்ல நான் வாயைத் திறக்கலை, அது எனக்குப் பெரிய விரதம். கடைசி வாரம் 41 வந்துச்சு. அந்த வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்குப் பேர், நட்சத்திரம் மட்டும் சொன்னேன். "நல்லா தூங்கி எழுந்து போகணும் முருகா"ன்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன்.

பரீட்சை அன்னைக்கு நிலையத்துக்குப் பக்கத்துல கோப்பிக்கடையில உக்காந்திருந்தேன். வெளியில வந்தவகிட்ட "சாப்பிடுறியா?"ன்னு மட்டும் கேட்டேன். எம்ஆர்டியில வர்றப்போ அவளாவே பேசினா.

எவ்வளவு எடுத்தா, இடம் கிடைச்சுதான்னு கேப்பீங்க. அதை நான் சொல்லப் போறதில்லை. அது அவளோட விஷயம், சொல்லணும்னு தோணினா அவளே சொல்லுவா. இந்தப் பதிவையும் அவகிட்ட காட்டினப்புறம்தான் போடுறேன். ரெண்டு வரியை எடுக்கச் சொன்னா, எடுத்துட்டேன்.

இப்போ கேட்ட பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

பிள்ளை தள்ளிப் போடணும்னு சொன்னா முதல்ல திட்டாதீங்க. என்ன குறைன்னு கேளுங்க. பயிற்சித் தேர்வுல எத்தனை முடிக்க முடியுதுன்னு எண்ணிக்கையா கேளுங்க. யூகேட் இணையத்தளத்துலயே பயிற்சித் தேர்வுகள் இலவசமா இருக்கு. அதை நேரம் வச்சு ஒரு தடவையாவது செஞ்சு பார்க்காம முடிவு எடுக்காதீங்க.

கூடுதலா கிடைக்கிற நாள்ல என்ன செய்யப் போறோம்னு எழுத முடிஞ்சா மாத்துங்க. எழுத ஒண்ணுமே இல்லேன்னா அது வெறும் பயம். ரெண்டு மாசமா ஒழுங்கா பயிற்சி பண்ணி, மார்க்கும் ஒரே மாதிரி வந்துக்கிட்டு இருக்கிற பிள்ளைக்குத் தள்ளிப் போடுறது பயத்தை நீட்டி விடுறதுதான். அந்தப் பிள்ளையைத் தைரியம் சொல்லி அனுப்புங்க.

உடம்பு சரியில்லேன்னா அனுப்பவே அனுப்பாதீங்க. போய் உக்காந்துட்டா நான் நல்லா இருக்கேன்னு ஒத்துக்கிட்டதாத்தான் எடுத்துக்குவாங்க. வீட்டுல பெரிய துக்கம், இல்ல ஏ லெவலுக்கே பாடம் முடியலைன்னா, இந்த வருஷம் விட்டுட்டு அடுத்த வருஷம் எழுதுறதும் கேவலம் கிடையாது.

தேதியை மாத்துறதுன்னா 24 மணி நேரத்துக்கு முந்தி மாத்தணும், ஆனா அதுவரைக்கும் காத்திருக்காதீங்க. செப்டம்பர் நெருங்க நெருங்க இடம் கிடைக்கிறது கஷ்டம். விதிமுறை வருஷத்துக்கு வருஷம் மாறலாம், நீங்களே ஒரு தடவை படிச்சுப் பார்த்துக்குங்க.

கடைசியா நம்ம கோயில் குடும்பத்துக்கு ஒரு வேண்டுகோள். பிரசாதம் வாங்க வர்ற பிள்ளைங்ககிட்ட "பரீட்சை எப்போ? எவ்வளவு மார்க்?"ன்னு கேக்காம இருப்போம். நீங்க பாசத்துலதான் கேக்குறீங்க, எனக்குத் தெரியும். நானும் பாசத்துலதான் "டாக்டரம்மா"ன்னு கூப்பிட்டேன்.

போன வாரம் என் மகள் வந்து எனக்குப் பக்கத்துல நின்னு இலை போட்டா. பார்த்த எல்லாரும் சிரிச்சு, சாப்பிட்டியான்னு கேட்டீங்க. யாரும் வேற எதுவும் கேக்கலை. உங்க எல்லாருக்கும் நன்றி.

வர்ற வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் வெட்ட ரெண்டு பேர் வேணும். மாலை 4 மணிக்கு வந்துடுங்க.

முருகா சரணம்.