புகை போகும் வழி

தமிழில் அடுப்புக்கு இருக்கும் மரியாதை புகைபோக்கிக்குக் கிடையாது. அடுப்பு என்றால் குடும்பம். ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் பாகப்பிரிவினை ஆகிவிட்டது என்று பொருள். அடுப்பில் பூனை உறங்கினால் வறுமை. புகைபோக்கி என்ற சொல்லோ தான் செய்யும் வேலையைச் சொல்லிவிட்டு அத்தோடு நின்றுவிடுகிறது. அதை வைத்து ஒரு பழமொழிகூட எங்கள் நினைவுக்கு வரவில்லை. பெரும்பாலான வீடுகளில் அது இருந்ததே இல்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஓட்டு இடுக்கும் வாசற்படியுமே புகைக்கு வழி. அவற்றுக்கு முன்னால் அடுப்பெதிரில் அமர்ந்திருக்கும் பெண்ணின் மூச்சு.

குறுந்தொகையின் 167-ஆம் பாடலை வாசகர்கள் அறிவார்கள். கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமானவள் தன் கையாலேயே தயிர் பிசைந்து, கண்ணில் புகை படியச் சமைத்த குழம்பைக் கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் நுண்ணிதாக மலர்ந்தது என்று செவிலி வந்து சொல்கிறாள். அது தாளிப்பின் புகையே அன்றி விறகின் புகை அல்ல என்று உரை அறிந்தவர்கள் திருத்தக்கூடும். ஆயினும் புகை படிந்த கண் இல்லறத்தின் அணிகலனாக நம் மனத்தில் பதிந்துவிட்டது உண்மை. ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்தக் கண்ணும் அந்த நெஞ்சும் என்ன ஆயின என்று எந்தச் செவிலியும் வந்து சொல்லவில்லை.

எங்கள் அத்தைக்கு வயது அறுபத்தெட்டு. பீடியையோ சுருட்டையோ கையால் தொட்டதில்லை. இரண்டு குளிர்காலங்களாக விடாமல் இருமிக்கொண்டிருந்தவரை நகரத்துக்கு அழைத்துச் சென்றபோது, மூச்சை ஊதச் சொல்லிச் சோதித்த மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, வீட்டில் விறகடுப்பா என்பதுதான். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று பெயர் சொன்னார். போனது திரும்பாது, இனிப் போவதைக் குறைக்கலாம் என்றார். வீட்டுப் புகையால் நேரும் மரணங்கள் 2020-ஆம் ஆண்டில் உலக அளவில் சுமார் 32 லட்சம் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அந்த எண்ணைப் படிப்பது ஒன்று. ஊதாங்குழலால் அடுப்பை ஊதிய அதே மூச்சு, சோதனைக் கருவியின் குழலில் பாதியில் நின்றுபோவதைப் பார்ப்பது வேறு.

எரிவாயு இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. அன்றாடச் சமையல் அதில்தான் நடக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. எந்தப் புகைபோக்கியும் அதற்கு ஈடாகாது. ஆனால் நெல் அவிக்கவும், வெந்நீர் வைக்கவும், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைக்கவும் சிலிண்டரைத் திறக்க அத்தை இசையவில்லை. தோப்பில் விழும் மட்டையும் பாளையும் சும்மா கிடக்க, காசு கொடுத்து வாங்கியதை எரிப்பது அவர் கணக்கில் வராது. விறகடுப்பு இருக்கப்போகிறது என்றால் அதன் புகை வெளியே போகட்டும் என்று அண்ணன் தம்பி தங்கை மூவரும் கூடி முடிவெடுத்தோம்.

இந்த முயற்சி நம் நாட்டில் புதியதன்று. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி. ராஜு புகையில்லாச் சமையலறை பற்றி 1953-இலேயே சிறுநூல் எழுதினார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ‘அஸ்த்ரா’ பிரிவு 1980-களில் மூன்று பாத்திரம் வைக்கும் அடுப்பொன்றை வடிவமைத்துப் பரப்பியது. எங்கள் வீட்டிலும் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ வந்து ஒன்றைக் கட்டிக்கொடுத்துப் படம் பிடித்துப் போனார்கள். குழாய் தாழ்வாரத்துக்கு அடியிலேயே முடிந்திருந்தது. ஆடிக்காற்று அடித்தால் போன புகை அவ்வளவும் அடுக்களைக்கே திரும்பி வரும். ஆறு மாதத்தில் கரி அடைத்தது. ஓராண்டில் அத்தை அடுப்பை இடித்துப் பழைய கொடி அடுப்பைப் போட்டுக்கொண்டார். குழாய் கிணற்றடியில் தண்ணீர் போகும் வழியாயிற்று.

ஆகவே இம்முறை முதலில் படித்தோம். புகைபோக்கி புகையைத் தள்ளுவதில்லை; இழுக்கிறது. உள்ளே இருக்கும் சூடான காற்று வெளிக்காற்றைவிட இலேசானது. அது மேலே எழும்போது கீழிருந்து புதுக்காற்று அடுப்பு வாய்க்குள் நுழைகிறது. உயரம் கூடினால் இழுப்பு கூடும். வளைவு கூடினால் குறையும். குழாய் குளிர்ந்தால் இழுப்பே நின்றுவிடும். ஆகையால் சுவரைத் துளைத்து வெளியே கொண்டுபோய் நிமிர்த்துவதைவிட, வீட்டுக்குள்ளேயே நேராக ஏற்றிக் கூரை வழியே விடுவது மேல். வட அமெரிக்காவில் கைக்கொள்ளும் எளிய அளவொன்று உண்டு: கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம், 10 அடிக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடி உயரம். எங்கள் அடுக்களை சாய்ப்பில் இருக்கிறது. பெரிய வீட்டின் முகடு எட்டடித் தொலைவில் ஓங்கி நிற்கிறது. முகட்டைத் தாண்டி வரும் காற்று மறுபக்கம் கீழ்நோக்கிச் சுருளும். பழைய குழாய் ஏன் தோற்றது என்பது அப்போதுதான் விளங்கிற்று. இம்முறை முகட்டுக்கு மேல் 2 அடி வரை ஏற்றி, காற்றில் ஆடாதிருக்க மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுவதென்று தாளில் வரைந்தோம்.

வரைந்ததை அத்தையிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “நல்லாத்தான் இருக்கு தம்பி. இதுக்குள்ள சேர்ற கரிய யாரு தொடைக்கிறது?”

நாங்கள் படித்த அத்தனையும் அந்த ஒரு கேள்வியில் அடங்கும் என்று இப்போது தோன்றுகிறது. புகையில் வெறும் காற்று மட்டும் இல்லை. எரியாமல் தப்பிய தார், குழாயின் குளிர்ந்த சுவரில் பட்டதும் கீல்போல ஒட்டிக்கொள்கிறது. ஈர விறகானால் இன்னும் மிகுதி. அது முதலில் வழியை அடைக்கும், புகை திரும்பும். அடைக்காவிட்டால் ஒருநாள் தானே தீப்பற்றும். குழாய்க்குள் பற்றும் அந்தத் தீ ஆயிரம் டிகிரி செல்சியஸை எட்டக்கூடியது. சுற்றியிருக்கும் மரத்தை விட்டுவைக்காது. துடைக்காத புகைபோக்கி இல்லாத புகைபோக்கியைவிட ஆபத்தானது. அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி ஓட்டின்மேல் ஏறித் துடைக்க முடியாது. நாங்கள் மூவரும் மூன்று ஊரில் இருக்கிறோம்.

படத்தைத் திருத்தினோம். குழாயின் எடை முழுவதையும் சுவரில் பதித்த இரும்புக் கொண்டி தாங்க வேண்டும். அடிப்பகுதியின் இரண்டடித் துண்டு மட்டும் கையால் கழற்றும்படி இருக்க வேண்டும். அதைக் கழற்றி, மூன்றடித் துண்டுகளாகத் திருகிப் பொருத்தும் கம்பின் நுனியில் கம்பித் தூரிகையை மாட்டி, தரையில் நின்றபடியே உச்சிவரை துடைக்கலாம். உச்சியில் மழைத் தொப்பி உண்டு. பொறி பறக்காமலிருக்கக் கம்பி வலையும் உண்டு. வலையில்தான் கரி முதலில் படியும் என்பதால் தூரிகை தட்டினால் உதிரும் அளவுக்குக் கண் பெரிதான வலையாகத் தேர்ந்தோம். கொத்தனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அக்கா கேட்டது சரிதாங்க, கட்டுறவன் போயிருவான்” என்றார்.

குழாய்க்குக் கடைக்காரர் உடனே எடுத்துக் காட்டியது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டுக் குழாய். அதை அறுக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்துப் புற்றாகக்கூடியது. நுரையீரலைக் காக்க வந்த வேலையில் அதை வாங்க மனம் ஒப்பவில்லை. துருப்பிடிக்காத எஃகில் ஆறங்குலக் குழாய் செய்வித்தோம். பொருத்தும்போது ஒரு சிறு தர்க்கம். மேல்துண்டின் வாய் கீழ்த்துண்டுக்கு உள்ளே இறங்க வேண்டும் என்றோம். அப்படியானால் இடுக்கில் புகை கசியுமே என்றார் தகரவேலைக்காரர். கசியாது, இழுப்பு இருக்கும்வரை இடுக்கு வழியே வெளிக்காற்றுத்தான் உள்ளே போகும். ஆனால் மேலிருந்து வழியும் தார் குழாய்க்குள்ளேயே இறங்க வேண்டுமானால் இந்த முறைதான் சரி. மறுவிதமாக மாட்டினால் சுவரெல்லாம் கறுப்பாக ஒழுகும்.

கூரைதான் மிகவும் யோசிக்க வைத்தது. எங்களுடையது பனங்கைகளின்மேல் ரீப்பர் அடித்து ஓடு போட்ட கூரை. ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் மரத்துக்கும் இடையே 18 அங்குலமாவது வேண்டும். இரண்டு பனங்கைகளுக்கு இடையே அவ்வளவு இடம் ஏது? தொடாமல் இருந்தால் போதாதா என்பது பலரும் கேட்கும் கேள்வி. போதாது. ஆண்டுக்கணக்காக மிதமாகச் சூடேறும் மரம் உள்ளுக்குள் மெல்லக் கரியாகிக்கொண்டே வருகிறது. முன்பு பற்றாத சூட்டில் ஒருநாள் பற்றிக்கொள்கிறது. கட்டிய ஆண்டில் ஒன்றும் நேராது. பத்தாம் ஆண்டில் நேரும். ஆகவே ஒரு பனங்கையைக் குறுக்கே அறுத்து, அதன் சுமையை இரும்புச் சட்டத்துக்கு மாற்றி, கூரையைத் துளைக்கும் இடத்தில் பெரிய குழாயொன்றை உறைபோல் வெளியே மாட்டி, நடுவில் காற்றோட்டம் விட்டோம். தகரத் தகட்டை மேல்வரிசை ஓட்டுக்கு அடியிலும் கீழ்வரிசை ஓட்டுக்கு மேலுமாகச் செருகினால் மழை இறங்காது. வைக்கோல்போரைக் கொல்லையின் மறுகோடிக்கு மாற்றினோம். குழாய்க்கு மேலே தொங்கிய தென்னை மட்டைகளைக் கழித்தோம்.

அடுப்பைச் செங்கல்லும் களிமண்ணும் உமியும் கொண்டு கட்டினார் கொத்தனார். தீ படும் இடத்தில் சிமெண்டு வெடிக்கும். அடியில் இரும்புச் சல்லடை. சாம்பல் கீழே விழும், காற்று மேலே வரும். அளவெல்லாம் அத்தையின் பானைகளை வைத்தே எடுக்கப்பட்டது. பானை விளிம்போடு பொருந்தாவிட்டால் அந்தச் சந்து வழியே புகை அறைக்குள் வந்துவிடும். ஒரு வாரம் நிழலில் உலரவிட்டு, பிறகு சிறு தீயாக மூட்டிப் பழக்கினோம்.

முதல்நாள் புகை உள்ளே வந்தது. அத்தை எங்களைப் பார்த்தார். சன்னலைத் திறந்தவுடன் நின்றது. உள்ளே காற்று வர வழியில்லாமல் வெளியே புகை போக வழியில்லை. சுவரில் மாட்டியிருந்த மின்விசிறி இன்னும் மோசம். காற்றை வெளியே உறிஞ்சிப் புகைபோக்கி வழியாகவே புகையைக் கீழே இழுத்தது. அடுப்பெரியும்போது அதைப் போடுவதில்லை என்று விதி செய்தோம். புகை கண்ணுக்குத் தெரியும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக இரத்தத்தோடு ஒட்டிக்கொள்வது. கதவடைத்த அறையில் தணல் வைத்துப் படுத்தவர்கள் எழுந்திராமல் போவது அதனால்தான். சன்னலுக்குக் கீழே மூட முடியாத துளையொன்று விடுவித்தோம். அதை ஒலிக்கும் கருவியொன்றையும் வாங்கி மாட்டினோம். இணைப்புகளைச் சோதிக்க ஊதுவத்தி போதும்: இடுக்கருகே பிடித்தால் அதன் புகை உள்ளே இழுபட வேண்டும்.

இழப்பும் உண்டு. அடுப்புக்கு மேலிருந்த பரணில் பீர்க்கு விதையும் சுரை விதையும் சாம்பலில் புரட்டித் தொங்கும். புகை படிந்த பனங்கையில் கறையான் ஏறாது. கொசுவும் அண்டாது. அத்தை மனத்தில் புகை எதிரி மட்டும் அன்று, நெடுநாள் வேலைக்காரன். இப்போது விதைக்கு மூடியிட்ட பானை, மரத்துக்கு வேப்பெண்ணெய். இந்தப் புது வேலைகளை அவர் குறையாகவே சொல்கிறார். அதில் நியாயம் இருக்கிறது.

ஒடிசாவில் ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் புகைபோக்கி வைத்த அடுப்புகளை நான்காண்டுகள் பின்தொடர்ந்து செய்த ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. முதலாண்டு புகை குறைந்தது. பிறகு அந்தக் குறைவு மறைந்தது. நுரையீரலில் மாற்றமில்லை. மக்கள் அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பழுது பார்க்கவில்லை என்பது அவர்கள் கண்டது. அதைப் படித்தபோது பயனாளிகளைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கரியை யார் துடைப்பது என்று அந்தப் பெண்களிடம் கட்டுமுன்பே கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்றுதான் நினைத்தோம்.

அத்தையின் மூச்சு திரும்பவில்லை. மருத்துவர் சொன்னபடியே திரும்பாது. இரவில் இருமல் குறைந்திருக்கிறது என்கிறார். அதற்கு மேல் நாங்கள் கேட்பதில்லை. விறகை ஒரு கோடை முழுதும் கொட்டகையில் உலரவிட்டே எரிக்கிறார். மாதந்தோறும் அமாவாசைக்கு முதல்நாள் அடுப்பு ஆறியபின் முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டு, அடித்துண்டைக் கழற்றி, பக்கத்து வீட்டுப் பையனைக் கம்பு பிடிக்கச் சொல்லித் துடைக்கிறார். உதிர்ந்த கரியை முறத்தில் அள்ளி அளவு பார்க்கிறார். கூடுதலாக இருந்தால் அந்த மாதம் வந்த விறகுக்காரருக்கு ஏச்சு உண்டு.