ஒவ்வோர் அடுப்புக்கும் ஓர் அடுத்தாள்

நாச்சியாபுரத்திலிருந்து சுற்றுவட்டாரச் செட்டிநாட்டு ஊர்களுக்குக் கல்யாணச் சமையலுக்குப் போகிற குழு எங்களுடையது. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியபோது சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்குப் பேசி முடித்திருந்தோம். மே மாதம் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆனாலும் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது. வளவு நிறைய ஆயிரம் இலை விழுகிற வீட்டில் 50 இலை என்றால் நாலு பேர் போதும். மற்றவர்கள் வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டு பிரிந்தார்கள். காய் வெட்டுகிற பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போனார்கள். குழம்பு மாஸ்டர் தள்ளுவண்டியில் காய்கறி விற்றார். பரிமாறுகிற பையன்கள் பிறகு திருப்பூர்ப் பக்கம் போனார்கள். 2021-ல் இரண்டாவது அலை எங்கள் பணியார மாஸ்டரைக் கொண்டுபோய்விட்டது.

கலைந்த குழுவைச் சேர்ப்பது போன் போட்டுக் கூப்பிடுகிற காரியம் என்று இந்தத் தொழிலில் பலர் நினைக்கிறார்கள். கூப்பிட்டால் ஆள் வருவார். பழைய மனசோடு வருவாரா என்பது வேறு. நான் முதலில் கணக்கு நோட்டை எடுத்தேன். மாசி, பங்குனி முகூர்த்தக் கூலியில் யார் யாருக்கு என்ன பாக்கி என்று பார்த்து, வீடு வீடாகப் போய் அவர்கள் எதிரிலேயே கணக்குப் பார்த்தேன். முழுதாகக் கொடுக்க முடியாத இடத்தில் எப்போது தருவேன் என்று நாள் சொல்லி, அந்த நாளில் கொடுத்தேன். வேலையைப் பற்றி அந்தப் பேச்சில் வாய் திறக்கவில்லை. பழைய பாக்கியை வைத்துக்கொண்டு புது வேலைக்குக் கூப்பிடுவது தப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து, இடையில் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டேன். தள்ளுவண்டி தள்ளிய குழம்பு மாஸ்டருக்குக் காரைக்குடிச் சந்தையில் எந்த நேரத்தில் எந்தக் காய் விலை இறங்கும் என்பது அத்துப்படி ஆகியிருந்தது. இன்று எங்கள் காய்கறி வாங்குவது முழுக்க அவர் பொறுப்பு. திருப்பூரிலிருந்து திரும்பிய ஒரு பையன், யார் எந்த வேலையில் என்று முதல்நாளே எழுதி வைக்கிற பழக்கத்தோடு வந்தான். அந்த நோட்டு இப்போது அவன் கையில்தான். வந்தவர்களைப் பழைய இடத்திலேயே நிறுத்தியிருந்தால் இதெல்லாம் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

பணியார அடுப்புதான் எல்லாவற்றிலும் கஷ்டம். செட்டிநாட்டுக் கல்யாணத்தில் காலைப் பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம் இல்லாமல் இருக்காது. பச்சரிசியை ஆழாக்கில் தலைதட்டி எடுத்து, அதன் மேலேயே உளுந்து கோபுரமாக நிற்கிற அளவு குவிக்க வேண்டும். இரண்டையும் ஊறவைத்து வெண்ணெயாக அரைத்து, புளிக்க விடாமல் சுட வேண்டும். மாவு இளகினால் எண்ணெய் குடிக்கும். கெட்டியானால் ஓரம் விரியாது. காய்ந்த எண்ணெயில் ஒரே வீச்சில் ஒரு கரண்டி ஊற்றி, அது உப்பி மேலே வந்ததும் திருப்பி, நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஒரு நேரத்துக்கு ஒன்றுதான். எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட கைப்பக்குவத்தை ஒருவரிடமே விட்டுவிடுவது வழக்கம். எங்கள் மாஸ்டர் போனதும் அந்த அடுப்படியில் உட்கார யாருக்கும் மனசு வரவில்லை. ஒருநாள் எல்லாரும் கொஞ்ச நேரம் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சு வேண்டியிருந்தது.

அவருக்கு வருஷக்கணக்காக மாவாட்டிக் கொடுத்த பெண்ணைத்தான் உட்காரச் சொன்னேன்.

“நான் மாவாட்டுறவண்ணே, எண்ணெய்ச் சட்டிக்கிட்ட உக்காந்ததில்ல.”

“மாவு உன் கைக்குத்தான் ஆத்தா கட்டுப்படுது. ஊத்திப் பாரு.”

முதலில் அவர் வீட்டிலேயே ஊற்றிப் பழகினார், பிறகு 50 இலைக் கல்யாணங்களில். அந்தச் சின்னக் கல்யாணங்களை நஷ்டம் என்று எல்லாரும் சொன்னார்கள். எங்களுக்கு அவைதான் பள்ளிக்கூடம். கை ஓடத் தொடங்கியதும் அவர் கேட்டது கூலி உயர்வோடு இன்னொன்று: “எம் பக்கத்துல ஒரு பையன உக்கார வைங்கண்ணே, அவனும் கத்துக்கிரட்டும்.” இரண்டையும் செய்தோம்.

அவர் கேட்டது இந்த மண்ணுக்குப் புதிது அல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் நடந்த செட்டியார் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்கிறவன் அடுத்தாளாகி, மேலாளாக உயர்வான். மேலாள் மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊருக்குக் கப்பலேறினாலும், அடுத்தாள் இருப்பதால் கடை நிற்காது. சிங்கம்புணரியில் பிறந்து இந்தோனேசியாவுக்குப் பிழைக்கப் போன ப. சிங்காரம் ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் இந்தக் கடை வாழ்க்கையை எழுதியிருக்கிறார். 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது கடையும் நிலமும் அங்கேயே தங்கிவிட்டன. கணக்குப் பழகிய ஆட்கள் கப்பலிலும் கால்நடையாகவும் ஊர் திரும்பி, மறுபடி பிழைப்பைத் தொடங்கினார்கள்.

அடுப்புக்கு இரண்டு ஆள் என்று இப்படிப் புதிதாகச் சேர்த்த ஜோடிகளை நாங்கள் தைப்பூச அன்னதானத்தில் பழக்குகிறோம். பழனிக்கு நடக்கிற நகரத்தார் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் போகிறார்கள். வழியில் அவர்களுக்குச் சமைக்கிறபோது கூலி கிடையாது, சம்பந்தி குறை சொல்வாரோ என்ற பதற்றமும் கிடையாது. சாம்பார் சாதமும் சுக்குக் காப்பியும்தான். குழம்பு அடுப்புக்காரர் அன்று சாதம் வடிப்பார், பரிமாறுகிறவன் தாளிப்பான். அடுத்தவர் வேலையின் சூடு அப்போதுதான் தெரிகிறது. கோபதாபம் குறைகிறது.

சமையல் குழு நடத்துகிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வைகாசிக்கு முன் ஒரு நோட்டில் உங்கள் அடுப்புகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக இரண்டு பெயர் எழுதுங்கள். இரண்டாவது பெயர் எழுத வராத அடுப்பில் இந்த மாதமே ஓர் ஆளை உட்கார வையுங்கள்.