மணிக்குள் ஓர் எறும்பு

உம்றாவுக்குச் சென்று திரும்புவோர் கொண்டுவரும் பொருட்களிடையே தேன் நிறத் தஸ்பீஹ் மணிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள், சகோதரிகளே. அரபுக் கடைக்காரர் அதனைக் கஹ்ரமான் என்பார். பாரசீகத்தில் கஹ்ருபா, அதாவது வைக்கோலைக் கவர்வது. துணியில் தேய்த்துப் பிடித்தால் சிறு துரும்பு வந்து ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அம்பர். இப்பெயர் அரபியிலிருந்து போனதுதான். ஆனால் அரபியில் அம்பர் என்பது திமிங்கிலத்தின் குடலில் உண்டாகும் வாசனைப் பொருளாகும். பெயர் ஆள் மாறிவிட்டது!

இது கல்லல்ல, மரப் பிசின். முருங்கைப் பிசினில் எறும்பு சிக்கிக் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். ஆனால் முருங்கைப் பிசின் நீரில் கரைந்துவிடும். குங்கிலியம் போன்ற பிசின் கரையாது. மண்ணுள் புதைந்து இறுகி, கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலைத்துவிடும்.

அத்தகைய பிசின் கிடைக்கும் ஓரிடத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். மியன்மாரின் வடக்கே, கச்சின் மாநிலத்தில், தனாய் நகருக்கு அருகே உள்ள ஹுகாவ்ங் பள்ளத்தாக்கு. இங்குள்ள அம்பரின் வயது ஏறக்குறைய 9 கோடியே 90 இலட்சம் ஆண்டுகள். 2020இல் ஆய்வாளர்கள் விவரித்த ஒரு துண்டைக் கேளுங்கள். ஓர் எறும்பு, கரப்பான் பூச்சிக்குத் தூரத்து உறவான ஒரு குஞ்சைக் கவ்வியபடியே உறைந்துவிட்டது. நம் வீட்டு எறும்பின் தாடை பக்கவாட்டில் அசையும். இதன் தாடையோ கீழிருந்து மேலே மூடி, தலையிலுள்ள கொம்போடு சேர்த்து இரையை நெரிக்கும். அந்த இனம் இன்று பூமியில் எங்கும் இல்லை.

2015இல் மிட்சினா சந்தையில் சீன ஆய்வாளர் சிங் லிடா ஒரு துண்டைக் கண்டார். உள்ளே இருப்பது ஏதோ செடி என்றே விற்றவர் எண்ணியிருந்தார். அது இறகு மூடிய டைனோசர் வால்! அதனருகிலும் எறும்பு இருந்தது.

சந்தைக்கு வருமுன் அது எங்கே கிடந்தது? ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடிய, நூறு அடிக்கும் மேல் ஆழமான செங்குத்துக் குழிகளில். மெலிந்த உடலுள்ள இளைஞர்களே இறங்க முடியும். மண் சரிந்தால், நீர் புகுந்தால் அவ்வளவுதான். இதற்கு மேல் யுத்தம் வேறு. அம்பர் வருமானத்தில் கச்சின் போராளிகள் வரி எடுத்து வந்தனர். 2017 ஜூனில் இராணுவம் ஹெலிகொப்டரிலிருந்து துண்டுப் பிரசுரங்களை வீசி மக்களை வெளியேறச் சொல்லித் தாக்கியது. பின்னர் சுரங்கங்களைக் கைப்பற்றியது. ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். இடம்பெயர்தல் என்றால் என்னவென்று நம் வாசகியருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதன் பின் வாங்கப்பட்ட மியன்மார் அம்பரை வைத்து எழுதப்படும் ஆய்வுகளை வெளியிட வேண்டாமென 2020இல் முதுகெலும்பிப் புதைபடிவ ஆய்வாளர் சங்கம் சஞ்சிகைகளைக் கேட்டது. எல்லா விஞ்ஞானிகளும் உடன்படவில்லை. அறிவு தடைப்படும் என்றார்கள். எனக்கோ கேட்டவர்கள் பக்கமே நியாயம் தெரிகிறது. இத்தனை கோடி ஆண்டுகள் காத்திருந்த எறும்பு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும். குழிக்குள் இறங்கும் பையனுக்கு அந்த வசதி இல்லை.

தஸ்பீஹுக்கான அம்பர் பெரும்பாலும் பால்டிக் கடலோரத்தது. ஆயினும் பூச்சியுள்ள மணியைக் காட்டினால் எந்த நாட்டது, எப்போது தோண்டியது என்று கேளுங்கள். மலிவு விலை மணியில் பெரிய பூச்சி அழகாகச் சிறகு விரித்திருந்தால் சந்தேகப்படுங்கள். வீட்டில் ஒரு கோப்பைத் தண்ணீரில் உப்பை நிறையக் கரைத்து மணியைப் போடுங்கள். அம்பர் மிதக்கும். கண்ணாடியும் பல வகைப் பிளாஸ்டிக்கும் அடியில் போய்விடும்.