எதிரெதிரே எழுதியவர்கள்

அரசுப் பணியில் சேரும் பிள்ளைகளுக்கு, நடுநிலை என்றால் தேர்தல் நேரத்தில் வாயைத் திறக்காமல் இருப்பது என்று சொல்லித் தருகிறோம். தேர்தலுக்கு அது போதும். ஆட்சி மாறினாலும் அரசு இருக்கும். அந்த அரசே ஒன்றாக இருப்பதா, பிரிவதா என்று மக்களிடம் கேட்டுவிட்டால்? 2014 செப்டம்பர் 18 அன்று ஸ்காட்லாந்தில் கேட்டார்கள்.

தனிநாடு கோரிய ஸ்காட்லாந்தின் எடின்பரோ அரசின் ஊழியர்களும், பிரிவை எதிர்த்த லண்டன் அரசின் ஊழியர்களும் ஒரே பிரிட்டிஷ் குடிமைப் பணியைச் சேர்ந்தவர்கள். நடத்தை விதிகளின் அடிப்படையும் ஒன்றே. அமைச்சர்கள் கேட்டபடி, 2013 நவம்பரில் எடின்பரோக்காரர்கள் தனிநாட்டுக்காக ஒரு பெரும் வெள்ளை அறிக்கை எழுதித் தந்தார்கள். லண்டன்காரர்கள் எதிர்வாதத்தை அறிக்கை அறிக்கையாக எழுதினார்கள். இதில் எனக்குக் குறை தெரியவில்லை. கொள்கை அமைச்சருடையது, அதற்கு உழைப்பது ஊழியரின் கடமை.

என்னை உறுத்துவது 2014 பிப்ரவரி 13. பிரிந்து போனால் பவுண்டைப் பகிர்ந்துகொள்ள முடியாது என்று நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் எடின்பரோவில் அறிவித்தார். அதே நாளில், நிதித்துறையின் நிரந்தரச் செயலர் நிக்கோலஸ் மாக்ஃபர்சன் அதையே வலியுறுத்தி அவருக்கு எழுதிய ஆலோசனைக் குறிப்பும் வெளியிடப்பட்டது. அமைச்சருக்கும் செயலருக்கும் நடுவில் இருக்க வேண்டிய காகிதம் அது. நாட்டின் இருப்பே கேள்விக்குள்ளாகும்போது வழக்கமான நடுநிலை விதி பொருந்தாது என்று பின்னாளில் மாக்ஃபர்சன் வாதிட்டார்.

அவருடைய நாணயக் கணக்கு சரியாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கோப்புக்குள் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் ஓர் அதிகாரி அமைச்சருக்குப் பிடிக்காததையும் எழுதுகிறார். நாளைக்குப் பத்திரிகையில் வரும் என்று தெரிந்தால் பேனா தயங்கும். அமைச்சரும் மேடையில் காட்டத் தோதான குறிப்பை எழுதுபவரையே தேடுவார். நெருக்கடி இல்லாத நாளில் யாரும் நடுநிலையாக இருக்கலாம், அதற்கு விதியே தேவையில்லை.

அந்தக் குறிப்பை வெளியிட்டிருக்கக் கூடாது என்று 2015 மார்ச்சில் நாடாளுமன்றக் குழு சொன்னது. எடின்பரோவின் வெள்ளை அறிக்கையில் ஆளுங்கட்சியின் தேர்தல் வாக்குறுதிகள் கலந்திருந்ததையும் அதே குழு கண்டித்தது. இரு பக்கமும் அளந்த அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன்.

வாக்கெடுப்பில் பிரிய வேண்டாம் என்றவர்கள் சுமார் 20 லட்சம் பேர், பிரியலாம் என்றவர்கள் 16 லட்சம். தோற்ற 16 லட்சம் பேரும் மறுநாள் அதே அரசின் குடிமக்கள்தாம். ஸ்காட்லாந்துக்குக் கூடுதல் அதிகாரம் தருவதாக அன்று காலையிலேயே பிரதமர் கேமரன் உறுதியளித்தார். அதன் பிறகு வருமானவரியை எப்படிப் பகிர்வது, எந்தப் பணம் யாருக்கு என்று இரண்டு அரசுகளும் பேச வேண்டியிருந்தது. நிதி ஏற்பாடு முடிவாக 2016 பிப்ரவரி ஆகிவிட்டது. அத்தனை மாதமும் லண்டன் நிதித்துறை நீட்டிய ஒவ்வொரு கணக்கையும், இது யாருக்காகப் போட்ட கணக்கு என்ற சந்தேகம் இல்லாமல் எடின்பரோக்காரர்களால் வாங்கிப் பார்த்திருக்க முடியுமா?