ஏஜியன் கடற்பயணம் – 7: தலைக்கா, வேருக்கா?

பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலேறி, இரவெல்லாம் அலைக்கழிந்து, சாந்தோரினித் தீவின் கரிய பாறைச் சுவருக்கு அடியில் வந்து இறங்கியதோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தேன். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் இங்கே ஓர் எரிமலை வெடித்துத் தீவின் நடுவயிற்றையே கடலுக்குள் வாரிக்கொண்டு போயிற்று. எஞ்சிய பிறைத் துண்டின் விளிம்பில் வெள்ளை வீடுகளும் நீலக் குவிமாடங்களும் அடுக்கடுக்காய் நிற்க, அவற்றைப் படம் பிடிப்பதற்கென்றே உலகம் திரண்டு வருகிறது. நான் பார்க்க விரும்பியதோ, அந்த விளிம்புக்கு முதுகைக் காட்டியபடி கிழக்கே சரிந்து போகும் நிலத்தை.

தை பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. பிர்கோஸ் கிராமத்துக்குக் கீழே திராட்சைத் தோட்டம் என்று சொல்லி விட்ட இடத்தில் தோட்டத்தையே காணவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் தலைக்குமேல் பந்தல் விரிந்து குலை தொங்கப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இங்கே தென்பட்டதெல்லாம் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த வெளிறிய மண்ணும், அதன்மேல் ராட்சதர் யாரோ சுமையை இறக்கிவிட்டு எறிந்து போன சும்மாடுகளைப் போல் வட்ட வட்டமாகச் சுருண்டு கிடந்த கரிய மரக்கட்டைகளுமே. அவைதாம் கொடிகள் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. இவ்வளையத்துக்குக் 'குலூரா' என்று பெயர். கடற்காற்று இங்கே மணலை வாரி அடிப்பதால், நிமிர்ந்து வளரும் தளிர் எதுவும் பிழைப்பதில்லை. ஆகவே கொடியைத் தரையோடு தரையாகக் கூடைபோல் பின்னிவிடுகிறார்கள், குலைகள் அதன் உள்ளே ஒதுங்கிப் பழுக்கின்றன. முல்லைக்குத் தேரீந்த பாரி இத்தீவுக்கு வந்திருந்தால் அவனுக்கு வேலையே இருந்திராது. கொழுகொம்பற்ற இக்கொடி தனக்குத் தானே கொம்பாகி நிற்கிறது. மழை சொற்பம், இரவில் கடலிலிருந்து ஏறிவரும் பனிமூட்டத்தை நுரைக்கல் உறிஞ்சி வைத்துக்கொள்ள, அதைக் கொண்டே அதன் ஜீவனம் நடக்கிறது.

எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் மண்டியிட்டுக் கவாத்து செய்துகொண்டிருந்தார். கோடையில் எரிமலை விளிம்பு விடுதியொன்றில் வேலை பார்க்கும் அவர் பேத்தி எங்கள் சம்பாஷணைக்குத் துபாஷியாக வாய்த்தாள். இரவு ஈரத்தில் கிளை தளர்ந்திருக்கும் காலை வேளையிலேயே அவர் வேலையைத் தொடங்கிவிடுவாராம். சென்ற ஆண்டுக் கிளைகளில் வேண்டியதை மட்டும் விட்டு மற்றவற்றைக் கத்தரித்து, விட்டதை இரு கைகளாலும் மெல்ல வளைத்துப் பழைய வளையத்தின் அடியில் நுழைத்து, மேலே இழுத்து, மறுபடி நுழைத்தார். ஒரு கிளை 'முறுக்'கென்று சத்தமிட்டது. அவர் கையை எடுத்துவிட்டு, அதனிடம் ஏதோ சொன்னார். பேத்தி அதை மட்டும் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

"ஐயா, இந்தக் கொடிக்கு என்ன வயது?" என்று கேட்டேன்.

"தலைக்கா, வேருக்கா?" என்று திருப்பிக் கேட்டார்.

விஷயம் இதுதான். எழுபது எண்பது ஆண்டுகளில் கூடை கிழடு தட்டிக் காய்ப்புக் குறைந்ததும், அதை மண்மட்டத்தில் அறுத்துவிடுகிறார்கள். அதே வேரிலிருந்து புதிய தளிர் கிளம்ப, அதைக் கொண்டு மறு கூடை பின்னுகிறார்கள். இவ்வாறு நான்கைந்து தலை கண்ட வேர்கள் உண்டென்றும், அவற்றின் வயது முந்நூறு, நானூறு ஆண்டுகளென்றும் தீவினர் கூறுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபைலாக்ஸெரா என்ற அசுவினி இனப் பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து ஐரோப்பியத் தோட்டங்களின் வேரைத் தின்று தீர்த்தபோது, அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டியே அவை பிழைத்தன. களிமண் கலவாத இந்த எரிமலை மண்ணில் அப்பூச்சி வாழ முடியாததால், 'அசிர்த்திகோ' என்னும் இத்தீவின் வெள்ளைத் திராட்சை இன்றும் சொந்தக் காலில் நிற்கிறது.

பூச்சி செய்யாததை மனிதர் செய்துவருகிறார்கள். 1956-ஆம் ஆண்டுப் பூகம்பத்துக்குப்பின் பல குடும்பங்கள் ஊரை விட்டே போயின. பின்னர் உல்லாசப் பயணிகள் வர, தோட்டங்கள் விடுதி மனைகளாயின. (அடியேனும் அத்தகைய ஒரு விடுதியில்தான் தங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.) கூடைகளுக்கிடையே இயந்திரம் நுழையாது, குனிந்து கையால்தான் பறிக்க வேண்டும். அறுவடை ஆகஸ்டில், விடுதிகளில் ஓய்வில்லாத மாதமும் அதுவே. "அப்போது நீ வருவாயா?" என்று பேத்தியைக் கேட்டேன். "விடுமுறை கொடுத்தால் வருவேன்" என்றாள். நானூறு வருஷத்து வேர் ஒரு விடுதி மேலாளரின் தயவை எதிர்பார்த்து இருப்பது எனக்கு அத்தனை சரியாகப் படவில்லை.

எரிமலைச் சாம்பலைக் குடைந்து அமைத்த 'கனவா' என்னும் குகைக்கு அழைத்துப் போய், 'வின்சாந்தோ' என்ற ஒயினை ஒரு சிறு கிண்ணத்தில் வார்த்துக் கொடுத்தார். குலைகளை இரண்டு வாரம்போல் வெயிலில் உலர்த்திப் பிழிந்து, குறைந்தது 2 ஆண்டுகள் மரப்பீப்பாயில் வைத்திருப்பது. ஒரு காலத்தில் ருஷ்யத் தேவாலயங்களின் நற்கருணைக்கு இங்கிருந்து கப்பலேறியது. மதுவிலக்கை வேதமாகக் கொண்ட வீட்டில் வளர்ந்த நான், பெரியவரின் முகம் வாடக்கூடாதென்று நாக்கை நனைத்தேன்: முதலில் உலர்ந்த அத்திப்பழமும் வெல்லப்பாகும், பின்னர் எதிர்பாராத ஒரு புளிப்பு. எஞ்சியதைப் பேத்தி குடித்துவிட்டாள்.

காபி போடுவதற்கு அடுப்பு மூட்டினார்கள். மூலையில், அந்த வாரம் அறுத்தெடுத்த பழங்கூடை ஒன்று கிடந்தது. அதன் வெட்டு முகத்தில் வளையங்களை எண்ணிப் பார்க்க முயன்றேன். முறுக்கிக்கொண்ட கட்டையில் ஒன்றும் பிடிபடவில்லை. நான் எண்ணி முடிக்கட்டும் என்று பெரியவர் சற்றுப் பொறுத்திருந்தார். பிறகு என் கையிலிருந்து அதை வாங்கி, முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்து அடுப்பில் செருகினார்.

(தொடரும்)