மலைப்பாதையில் நின்ற காரும் ஒரு ஜாப் கார்டும்

“முறையீட்டாளர் வாகனத்தை முறையற்ற விதத்தில் ஓட்டியதே பழுதுக்குக் காரணம்.” கார் கம்பெனி தாக்கல் செய்த பதிலுரையில் இருந்த வரி இது. இதை நான் படித்துக் காட்டியபோது என் கட்சிக்காரர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கோவை கணபதியில் கியர் வெட்டும் பட்டறை வைத்திருப்பவர். பற்சக்கரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தே தேய்மானம் சொல்லக்கூடியவர். “ஏனுங்க சார், எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்கறாங்களா?” என்று மட்டும் கேட்டார். மூன்று லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் போட்டதைவிட அந்த ஒரு வரிதான் அவரை அதிகம் சுட்டது.

1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருந்த கடைசிக் காலத்தில் நடந்த வழக்கு இது.

மே மாதம், பள்ளி விடுமுறை. மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபது தாண்டிய தாயார் என்று குடும்பத்தோடு வால்பாறைக்குக் கிளம்பியிருக்கிறார். கார் வாங்கி இரண்டு வருடம் ஆகவில்லை, ஆட்டோமேட்டிக் வண்டி. ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை இருக்கும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. அங்கே இறங்கி, கீழே ஆழியாறு அணையைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு மறுபடி ஏறியிருக்கிறார்கள். அதற்கு மேல் சில வளைவுகள் போனதும் டேஷ்போர்டில் கியர் எண் விட்டுவிட்டு மின்னியது. அடுத்த ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமுகிறது, சக்கரம் சுற்றவில்லை. வண்டி பின்னுக்கு உருளத் தொடங்கியது. அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடிக்க, பின்னால் வந்த அரசுப் பஸ்ஸின் கண்டக்டர் குதித்து ஓடி வந்து பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். அந்தக் கண்டக்டர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், வண்டிக்குள் ஒரு மூதாட்டியும் இரண்டு குழந்தைகளும். அந்தக் கல்லை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

அதற்குப் பிறகு கணவனும் மனைவியும் செய்த காரியங்கள்தான் வழக்கைக் காப்பாற்றின. அந்த அம்மா, “ஏனுங்க, இதையும் புடிச்சு வெக்கட்டுங்களா?” என்று கேட்டு, மின்னிக்கொண்டிருந்த டேஷ்போர்டை செல்போனில் வீடியோ எடுத்தார். இன்ஜின் ஓடும் சத்தமும், வண்டி நகராததும், கிலோமீட்டர் கணக்கும் அதில் பதிவாகின. மேலே போய்க்கொண்டிருந்த டெம்போக்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துப் போகிறேன் என்று அன்போடு முன்வந்தார். கட்சிக்காரர் மறுத்துவிட்டார். முன்சக்கரத்துக்கு விசை போகும் ஆட்டோமேட்டிக் காரை, முன்சக்கரம் தரையில் உருளும்படி இழுத்துப் போனால் கியர் பாக்ஸின் உள்பாகங்கள் கெட்டுப்போகலாம். அந்தக் காரின் கையேடும் அப்படி இழுக்கக் கூடாது என்றுதான் சொன்னது. ஆழியாறில் இருந்து வந்த மெக்கானிக் ஒருவர் அடியில் திறந்து பார்க்கட்டுமா என்றார். அதற்கும் சம்மதிக்கவில்லை. தாயாரையும் மனைவி மக்களையும் கீழே இறங்கிய பஸ்ஸில் பொள்ளாச்சிக்கு அனுப்பிவிட்டு, சிக்னல் கிடைத்த இடம் வரை நடந்துபோய் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். முழு வண்டியையும் மேலே ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி லாரி வந்துசேர இரவாகிவிட்டது. அது புலிகள் காப்பகத்துக்குள் போகும் சாலை. ரோந்து வந்த வனக்காவலர் ஒருவர் லாரி வரும்வரை துணைக்கு நின்றார்.

சர்வீஸ் சென்டரில் வண்டியைப் பார்த்துவிட்டு, “கிளட்ச் எரிந்துவிட்டது, அது தேய்மானப் பொருள், வாரண்டி கிடையாது” என்று எழுதிக் கொடுத்தார்கள். கியர் பாக்ஸை இன்னும் பிரிக்கவே இல்லை! பிரிக்காமலே இந்த முடிவுக்கு வந்திருந்தார்கள். என்னிடம் அவர் வந்தது அந்தக் கட்டத்தில். நான் முதலில் அனுப்பிய அறிவிப்பில் பணம் கேட்கவில்லை. நாங்கள் இல்லாமல் கியர் பாக்ஸைத் திறக்கக் கூடாது, கழற்றும் எந்தப் பாகத்தையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று மட்டும் கேட்டேன்.

கம்பெனியின் வாதம் வெறும் சாக்கு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வண்டியில் இருந்தது இரட்டை கிளட்ச் கியர் பாக்ஸ். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று. ஒன்று வேலை செய்யும்போதே மற்றொன்று அடுத்த கியரோடு தயாராக நிற்கும். அதனால்தான் கியர் மாறுவதே தெரியாமல் வண்டி ஓடுகிறது. இதில் எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் உள்ளவை உண்டு, எண்ணெய் இல்லாத உலர் கிளட்ச் உள்ளவையும் உண்டு. இவருடையது உலர் வகை. செங்குத்தான ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளட்ச் தகடு முழுதாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும், அளவுக்கு மீறினால் கருகும். ஆகவே கேள்வி ஒன்றுதான்: தகடு கருகியதா, இல்லையா? கருகியிருந்தால் என் கட்சிக்காரர் தோற்பார். அதை அவரிடமே சொன்னேன். “பிரிச்சுப் பாக்கட்டுங்க சார், நானே பாத்துச் சொல்றேன்” என்றார்.

மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டோம். அன்றைய சட்டப்படி 20 லட்சம் ரூபாய் வரைதான் மாவட்ட மன்றம் விசாரிக்கலாம். பழுது ஒரு பாகத்தில் மட்டும் இருந்தாலும் வண்டியின் விலை முழுவதையும், கேட்கும் இழப்பீட்டையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்று தேசிய ஆணையம் 2016இல் சொல்லியிருந்தது. எங்கள் கணக்கு அந்த எல்லைக்குள் அடங்கியது. சட்டத்தின் 13(1)(சி) பிரிவின்படி, பரிசோதிக்காமல் கண்டறிய முடியாத குறைபாடு என்றால் நிபுணர் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்த மனுவை முதல் வாய்தாவிலேயே கொடுத்தேன். எதிர்தரப்பு கடுமையாக ஆட்சேபித்தது. தங்கள் சொந்தப் பொறியாளரின் அறிக்கையே போதும் என்றார்கள். மன்றம் ஏற்கவில்லை. பொறியியல் கல்லூரி ஒன்றின் ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியரை நியமித்தது.

இரு தரப்பின் முன்னிலையில் கியர் பாக்ஸ் இறக்கப்பட்ட அன்று, என் கட்சிக்காரர் சட்டைப் பையில் மைக்ரோமீட்டரோடு வந்திருந்தார். எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பேராசிரியர் நிதானமான மனிதர். தகடுகளை ஒவ்வொன்றாக அளந்தார். தடிமன் கம்பெனி நிர்ணயித்த அளவுக்குள்ளேயே இருந்தது. அதிகச் சூட்டில் உலோகம் நீலம்பாரிக்கும், அந்த நிறமே எங்கும் இல்லை. அடுத்து, கிளட்ச்சுகளை இயக்கும் ஹைட்ராலிக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். எண்ணெய் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் கலம் பொருந்தியிருந்த இடத்தில் உலோக உடல் விரிசல் விட்டிருந்தது. எண்ணெய் கசிந்து பெட்டியின் அடியில் தேங்கி நின்றது. அந்த அமைப்பில் அழுத்தம் இருந்தால்தான் கிளட்ச் பிடிக்கும். அழுத்தம் போனால் இரண்டு கிளட்ச்சும் விட்டுவிடும், இன்ஜின் எவ்வளவு சுற்றினாலும் சக்கரத்துக்கு விசை போகாது. மலையில் அந்த அம்மா எடுத்த வீடியோவில் இருப்பது அதுதான். ஓட்டுகிற விதத்தால் அந்த விரிசல் வந்திருக்க வழியில்லை என்று பேராசிரியர் எழுதினார். கயிறு கட்டி இழுத்திருந்தால், இழுத்ததால் வந்த சேதம் என்று எதிர்தரப்பு எளிதாகச் சொல்லியிருக்கும்.

இதோடு வழக்கு முடிந்திருக்கலாம். ஆனால் கம்பெனி தன் நிலையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டது. விரிசல் இருக்கலாம், அது திடீரென ஏற்பட்டது, முன்கூட்டித் தெரிய வழியில்லை, ஆகவே சேவைக் குறைபாடு இல்லை என்றது. அப்போதுதான் கட்சிக்காரரின் பழைய காகிதக் கட்டு உதவிக்கு வந்தது. பட்டறைக்காரர் என்பதால் பில், ரசீது எதையும் எறியாதவர். மலைப் பயணத்துக்குச் சில மாதம் முன்பு போட்ட சர்வீஸின் ஜாப் கார்டு அதில் இருந்தது. முதல் கியரில் இருந்து இரண்டுக்குப் போகும்போது வண்டி உலுக்குகிறது, எச்சரிக்கை விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது என்று அவர் சொன்ன புகாரை, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே ஊழியர் எழுதியிருந்தார். எதிரே, “சாஃப்ட்வேர் அப்டேட் செய்யப்பட்டது” என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

நுகர்வோர் மன்றத்தில் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது அபூர்வம். எழுத்து மூலம் வினாக்கள் அனுப்பி, எழுத்து மூலம் பதில் பெறுவதுதான் வழக்கம். நான் அனுப்பிய வினாக்களில் முக்கியமானது இது: அன்று வண்டியில் கம்ப்யூட்டரைப் பொருத்தியபோது கிடைத்த பிழைக் குறியீடுகளின் அச்சு எங்கே? எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியில் குறியீடு பதிவாகும். அதைப் படித்துவிட்டுத்தான் சாஃப்ட்வேர் அப்டேட் செய்திருக்க வேண்டும். “பதிவு பராமரிக்கப்படவில்லை” என்று பதில் வந்தது. கையில் இருக்க வேண்டிய ஆவணத்தை ஒருவர் காட்டாவிட்டால், அது அவருக்கு எதிரானது என்று ஊகிக்கலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய கோட்பாடு. வாதத்தில் அதைத்தான் அழுத்திச் சொன்னேன். பழுது முன்பே குரல் கொடுத்தது, கம்பெனியின் ஆட்கள் அதைக் கேட்டார்கள், கேட்டும் வண்டியை அப்படியே மலைக்கு அனுப்பினார்கள். வீடியோவுக்கு, மின்னணு ஆதாரத்துக்கு அன்றைய சாட்சியச் சட்டம் கேட்ட 65பி சான்றிதழும் இணைத்திருந்ததால் அதன் மேல் ஆட்சேபம் நிற்கவில்லை.

கட்சிக்காரர் புது வண்டி வேண்டும் என்று கேட்டார். குடும்பத்தோடு பள்ளத்தின் விளிம்பில் நின்றவர் கேட்பது நியாயம்தான். மனுவில் கேட்டேன், ஆனால் அது கிடைக்காது என்பதையும் முதலிலேயே சொல்லி வைத்தேன். பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றித் தருவது என்றுதான் வாரண்டி சொல்கிறது என்றால், அதைத் தாண்டி முழுக் காரையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்திருக்கிறது. இந்தச் சட்ட நிலை எனக்கு முழுத் திருப்தி தருவதில்லை. உயிரோடு விளையாடும் பழுதுக்கும் கண்ணாடி சுற்றாத பழுதுக்கும் ஒரே அளவுகோல் போதாது என்றே நினைக்கிறேன்.

மன்றம் எங்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கியர் பாக்ஸ் முழுவதையும் கட்டணமின்றிப் புதிதாக மாற்றித் தர வேண்டும், அதற்குத் தனியாக ஒரு வருட வாரண்டி தர வேண்டும், மன உளைச்சலுக்கும் வண்டி இல்லாமல் போன காலத்துக்கும் இழப்பீடும் செலவுத் தொகையும் தர வேண்டும், சர்வீஸ் சென்டர் கேட்ட நிறுத்துமிடக் கட்டணம் செல்லாது. புது வண்டிக் கோரிக்கை தள்ளுபடி ஆனது. முறையற்ற விதத்தில் ஓட்டினார் என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று தீர்ப்பில் தனிப் பத்தியாகவே எழுதியிருந்தார்கள். கட்சிக்காரர் அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டார். கம்பெனி மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போய், அங்கும் தோற்று, கியர் பாக்ஸை மாற்றிக் கொடுத்தது.

2020 ஜூலையில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு வழி இன்னும் எளிதாகியிருக்கிறது. வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 10 முதல் 20 லட்சம் வரையிலான வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய்தான், வக்கீல் கட்டாயம் இல்லை. ஆனால் பழுது ஏற்பட்ட நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் போய்விட வேண்டும். வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது உங்கள் புகாரை நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். பிழைக் குறியீட்டின் அச்சைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பாகத்தைப் பார்க்காமல் “திருப்தி” என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.