பகேரியாவில் தேன் பியர்

பலெர்மோ மத்திய நிலையத்தில் கிழக்கே போகும் புகையிரதம் ஏறினால் சிறிது நேரத்தில் பகேரியா வந்துவிடும். பழைய பிரபுக்களின் கோடைகால மாளிகைகளுக்குப் பேர்போன ஊர். 1715இல் கட்டத் தொடங்கிய பலகோனியா மாளிகையின் மதில்மேல், மனிதரும் மிருகமும் கலந்த விகாரமான கல்லுருவங்கள் வரிசையாக இருக்கின்றன. 1787இல் அங்கு வந்த ஜேர்மன் கவிஞர் கோதே அவற்றைக் கண்டு முகம் சுளித்து எழுதியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லோரும் அந்த மாளிகையைத்தான் தேடிப் போவார்கள். நான் போனது பியர் பார்க்க.

என்னோடு வேலை செய்யும் பகேரியாக்காரர் ஒருவர், வீட்டில் தேன் விட்டுப் பியர் செய்வதாகச் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்திருந்தார். மனைவிக்கு விருப்பமில்லை. "இஞ்சேருங்கோ, சோஜோர்னோ புதுப்பிக்கிற நேரத்திலை உங்களுக்கு உது தேவையோ?" என்று கேட்டா. அவவின் பயம் எனக்கும் இருந்தது. வீட்டில் காய்ச்சுவது என்றால் எங்களுக்குக் கசிப்பும் பொலிசும்தானே நினைவுக்கு வரும்.

போனதும் முதலில் அதைத்தான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். இத்தாலியின் 1995ஆம் ஆண்டுத் தீர்வைச் சட்டப்படி, ஒருவர் தனக்கும் குடும்பத்துக்கும் விருந்தினருக்குமாக வீட்டில் செய்யும் பியருக்குத் தீர்வை இல்லை. ஆனால் அதில் ஒரு போத்தலைக்கூட விற்கக்கூடாது. சாராயம் வடிப்பது வேறு விடயம். தன் பாவனைக்கென்றாலும் அனுமதியில்லாமல் வீட்டில் வடித்தால் அது குற்றம். புதிதாக வந்திருக்கும் உறவுகள் இந்த வேறுபாட்டை மனதில் வைத்திருப்பது நல்லது.

வியாழக்கிழமையே அவர் 20 லீற்றர் காய்ச்சி வைத்திருந்தார். முளைவிட்ட பார்லியை உடைத்து, ஏறத்தாழ 65 பாகைச் சூட்டு நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, வடித்த நீரை ஹொப்ஸ் பூவுடன் கொதிக்கவைத்து, ஆறிய பின் ஈஸ்ற் போடுவது முறை. பாணுக்குப் போடும் ஈஸ்ற்றின் இனந்தான். சிசிலியின் கோடைச் சூட்டில் பியர் கெட்டுவிடும் என்பதால், குளிர் தொடங்கிய பிறகே இந்த வேலையில் இறங்குவாராம்.

நான் போன அன்று நுரை அடங்கத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் அரைக் கிலோ தேனை விட்டார். கொதிக்கும்போது விட்டால் பூவின் மணம் ஆவியோடு போய்விடுமாம். அரைக் கிலோ தேனில் ஏறத்தாழ 400 கிராம் சீனிச்சத்து. ஈஸ்ற் அதை மிச்சம் வைக்காமல் தின்றுவிடும். மதுச்சத்து ஏறத்தாழ ஒரு வீதம் கூடும், இனிப்பு நிற்காது. தேன் முழுவதும் நொதிக்குமுன் அடைத்தால் போத்தல் வெடிக்கும். ஆகவே அடர்த்திமானியின் அளவு சில நாட்கள் மாறாமல் நின்ற பிறகே அடைப்பார்.

அவர் விட்டது 'ஸாகரா' தேன். எலுமிச்சை, தோடம்பழ மரங்களின் பூவுக்கு அங்கே அந்தப் பெயர். அரபுச் சொல்லிலிருந்து வந்தது. சிசிலிக்கு எலுமிச்சையைக் கொண்டுவந்தவர்களும் அரபு மக்களே. ஒருகாலத்தில் பகேரியாவைச் சுற்றி எலுமிச்சைத் தோட்டங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவற்றில் பெரும்பகுதி அழிந்து மாடிவீடுகள் எழுந்தன. அவருடைய பாட்டனாரின் தோட்டம் இருந்த இடத்திலும் இன்று மாடிவீடுதான்.

மத்தியானச் சாப்பாட்டோடு போன வருடத்துப் பியர் வந்தது. இனிப்பில்லை. விழுங்கிய பிறகு மெல்லிய பூமணம் மட்டும் தொண்டையில் நின்றது. தாயார், மனைவி எல்லோரும் இருந்த மேசையில் ஆளுக்கு ஒரு சிறிய கிளாஸ். அதோடு போத்தலை மூடி வைத்துவிட்டார்கள். எனக்கு எங்கள் ஆட்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பது நினைவுக்கு வந்தது. திருமுருகாற்றுப்படையிலே குறவர்கள், மூங்கில் குழாயில் விளைந்த தேன்கள்ளைச் சுற்றத்தாரோடு சேர்ந்து குடித்து மகிழ்வதாக வருகிறது. அந்த வழக்கம் எங்கே விட்டுப்போனதோ தெரியவில்லை.

வரும்போது ஒரு போத்தல் தந்துவிட்டார். மனைவி குடிக்கவில்லை, மூடியைத் திறந்து மணந்து பார்த்தா. "பூ மணக்குது" என்றா. அந்தப் போத்தலை ஒளித்து வைக்காமல் சாப்பாட்டு மேசையிலேயே வைத்தோம்.